வேகமாக வரையும்போது படம் எங்கே கெடுகிறது? பினாங்குத் தெருவில் பென்சிலோடு உட்காருபவர்களுக்கு

கடைத்தெருவிலோ சௌரஸ்தா பாசார் வாசலிலோ ஒரு பென்சிலும் சின்ன நோட்டுமாக உட்கார்ந்து கண்ணில் படுவதை வரைய ஆசைப்படுகிறவர்களுக்கு வரும் சிக்கல்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. கோளாறு தெரிகிற இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறொன்று. கால் குட்டையாகப் போனதற்கான காரணம் காலில் இருக்காது, தலையை வரைந்த நேரத்தில் இருக்கும். அதனால் ஒவ்வொரு கோளாறும் படத்தில் எப்படித் தெரியும், எதனால் வருகிறது, என்ன செய்தால் போகும் என்று கீழே எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துகிற பகுதியை மட்டும் படித்தாலும் போதும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பாதிக் கோளாறு இங்கேதான் பிறக்கிறது. விரைவாக வரைகிறவரின் பக்கத்தில் நின்று பாருங்கள், அவர் கை நிதானமாகத்தான் போகும். எதையெல்லாம் வரையாமல் விடலாம் என்று பென்சிலைத் தாளில் வைப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்டதால் அவருக்குப் படம் சீக்கிரம் முடிகிறது. அந்த முடிவை எடுக்காமல் கையை மட்டும் விரட்டினால் கீழே உள்ள எல்லாமே வரும்.

சாமான் அதிகம் வேண்டாம். வீட்டில் எஸ்.பி.எம். பரீட்சைக்கு வாங்கிய 2பி பென்சில் கிடந்தால் அதுவே போதும், கூட அதைவிடக் கறுப்பாக விழும் ஒரு 4பி இருந்தால் நல்லது, நோட்டு ஏ5 அளவுக்கு மேல் வேண்டாம். துருவியில் சீவாமல் பிளேடால் சீவி, முனை ஒரு சென்டிமீட்டராவது வெளியே நீட்டியிருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். நுனியால் மெல்லிய கோடும், சாய்த்துப் பிடித்தால் அகலமான பூச்சும் ஒரே பென்சிலில் கிடைக்கும்.

ஆளை வரைந்து முடிப்பதற்குள் அவர் எழுந்து போய்விடுகிறார்

எல்லோரும் முதலில் சொல்லும் புகார் இதுதான். நோட்டைப் புரட்டினால் ஒரு நல்ல கண், பாதி மூக்கு, ஒரு காது, அதற்குக் கீழே வெறும் தாள். முகத்தில் தொடங்கியதுதான் காரணம். முகம் யாரையும் இழுக்கும், ஆனால் இருபதடி தள்ளி ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருக்கும் ஒருவரை அவர் வீட்டார் அடையாளம் கண்டுகொள்வது மூக்கை வைத்து அல்ல, முதுகை வளைத்து உட்கார்ந்திருக்கும் விதத்தை வைத்துத்தான். அந்த வளைவு கிடைத்துவிட்டால் ஆள் எழுந்து போனாலும் படம் உங்களிடம் இருக்கும்.

முதல் பத்து வினாடியில் இவ்வளவுதான் செய்ய வேண்டும்: தலைக்கு ஒரு முட்டை வடிவம், கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரே கோடு, தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு கோடு, இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு கோடு. நிற்கிறவர் ஒற்றைக் காலில் எடையைப் போட்டிருந்தால் அந்தப் பக்கத்து இடுப்பு மேலே ஏறும், அதே பக்கத்துத் தோள் பெரும்பாலும் கீழே இறங்கும், கழுத்துக் குழியிலிருந்து நேர்கீழே ஒரு கோடு விட்டால் எடை தாங்கும் பாதத்தின் மேல் போய் விழும். இந்த ஒன்றைச் சரிபார்த்தாலே உங்கள் ஆட்கள் கீழே விழாமல் நிற்பார்கள். அப்புறம் நேரம் இருந்தால் கை, கால், சட்டை. முகம் கடைசி, அதுவும் கண்குழியின் நிழலும் மூக்கின் அடிநிழலும் போதும்.

இன்னொரு வழியும் உண்டு, பினாங்கில் இதற்குப் பஞ்சமே இல்லை: ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்களைத் தேர்ந்தெடுங்கள். ரொட்டி சானாய் போடுகிறவரைக் கவனியுங்கள். மாவு உருண்டையை உள்ளங்கையால் தட்டுவார், ஓரத்தைப் பிடித்துத் தூக்கி வீசுவார், பலகையில் அடிப்பார், மடிப்பார், மறுபடியும் அடுத்த உருண்டை. ஒரே பக்கத்தில் நான்கு சின்ன உருவங்களைத் தொடங்கி வையுங்கள், தட்டுகிற நிலை ஒன்று, வீசுகிற நிலை ஒன்று என்று. அவர் எந்த நிலைக்குத் திரும்புகிறாரோ அந்த உருவத்துக்குப் போய் இரண்டு கோடு சேருங்கள். வீசும்போது வலது தோள் காதுவரை ஏறுவதும், முழங்கை வெளியே திரும்புவதும், இடது கால் கொஞ்சம் முன்னால் வருவதும் மூன்றாவது ரொட்டியில்தான் உங்கள் கண்ணுக்குத் தெரியும், அதுவரை பொறுமையாக இருங்கள். தே தாரிக் ஆற்றுகிறவர், பூக்கடையில் மாலை கட்டும் அக்கா, மீன் வெட்டுகிறவர் எல்லோருமே இப்படி உங்களுக்காகத் திரும்பி வருகிறவர்கள்தான்.

கோடு நடுங்குகிறது, ஒரே இடத்தில் பத்துக் கோடு விழுகிறது

பென்சிலை முனைக்குப் பக்கத்தில் எழுதுவதற்குப் பிடிப்பதுபோலப் பிடித்திருக்கிறீர்கள், மணிக்கட்டைத் தாளில் ஊன்றியிருக்கிறீர்கள், கண் பென்சில் முனையையே பின்தொடர்கிறது. மூன்றையும் மாற்றுங்கள். நடுவில் பிடியுங்கள், நீளமான கோடுகளை முழங்கையிலிருந்து இழுங்கள், கோடு போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டு கையை விடுங்கள். தவறான கோடு விழுந்தால் அழிக்க வேண்டாம், சரியான கோட்டை அதன் பக்கத்திலேயே அழுத்தமாகப் போடுங்கள். பார்க்கிறவரின் கண் அழுத்தமான கோட்டைத்தான் எடுத்துக்கொள்ளும். ரப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது இந்தக் கோளாறுக்கு நல்ல மருந்து.

கால் வரையத் தாளில் இடமில்லை, அல்லது கால் குட்டையாகிவிடுகிறது

தலையை முதலில் பெரிதாக வரைந்துவிட்டு மீதியை அதற்கேற்ப இறக்கிக்கொண்டே வந்தால், தாள் முடியும்போது ஆள் முட்டியில்தான் இருப்பார். தாளில் உச்சந்தலைக்கு ஒரு சின்னக் குறி, பாதத்துக்கு ஒரு குறி, முதலில் இவை இரண்டும். அப்புறம் சரிபாதியில் ஒரு குறி. நேராக நிற்கும் பெரியவருக்கு அந்தப் பாதிக்குறி தொடைகள் பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் வரும். நம்மில் பலர் அதை வயிற்றுக்கே கொண்டுபோய்விடுகிறோம், அல்லது முட்டிக்கு இறக்கிவிடுகிறோம். மொத்த உயரம் சுமார் ஏழு முதல் ஏழரைத் தலை. சேலையோ கைலியோ கட்டியிருப்பவரானால் கால் எங்கே பிரிகிறது என்று தெரியாது, அப்போது தொங்கவிட்ட கையைப் பாருங்கள், மணிக்கட்டு ஏறக்குறைய அந்தப் பாதி உயரத்தில் இருக்கும்.

தே தாரிக் கிளாஸ் சாய்ந்து நிற்கிறது, வாயும் அடியும் ஒட்டவே இல்லை

கிளாஸை எளிது என்று நினைத்துத்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள், ஆனால் ஒரு கிளாஸில் நீங்கள் கற்க வேண்டியதில் பாதி இருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் கோளாறு, கிளாஸின் வாய் இரண்டு பக்கமும் வெற்றிலை நுனி போலக் கூராக முடிவது. வட்டத்தை எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் அதன் ஓரத்தில் கூர் இருக்காது, எவ்வளவு தட்டையாகத் தெரிந்தாலும் இரண்டு முனையும் வளைந்துதான் திரும்பும். மேல் வளைவைத் தனியாகவும் கீழ் வளைவைத் தனியாகவும் போட்டு ஒட்டுவதால்தான் கூர் வருகிறது. பென்சிலைத் தாளில் வைக்காமல் காற்றில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, அந்த ஓட்டத்திலேயே தாளில் இறக்கி ஒரே சுற்றாக முடியுங்கள்.

இரண்டாவது, வாயை வட்டமாக வரைந்துவிட்டு அடியை நேர்கோடாக இழுப்பது. மேசை நேர்கோடாகத்தானே இருக்கிறது என்று மனம் சொல்லும். உண்மையில் கண்மட்டத்துக்கு எவ்வளவு கீழே போகிறோமோ வட்டம் அவ்வளவு திறந்து தெரியும். நீங்கள் உட்கார்ந்து மேசைமேல் இருக்கும் கிளாஸைப் பார்க்கும்போது வாய் ஓரளவு தட்டை, அதற்கு உள்ளே தேநீரின் மட்டம் இன்னும் கொஞ்சம் திறந்த வட்டம், அடி அதைவிடத் திறந்த வட்டம். நுரை நிற்கும் கோட்டையும் இந்த வரிசையில் வையுங்கள், அதை விட்டுவிட்டால் கிளாஸ் காலியாகத் தெரியும்.

மூன்றாவது சாய்வு. கிளாஸ் வரைவதற்கு முன் நடுவில் நேராக ஒரு மெல்லிய கோடு போடுங்கள், எல்லா வட்டங்களும் அந்தக் கோட்டுக்குச் சரிசமமாக இரண்டு பக்கமும் நீள வேண்டும், குறுக்காக மட்டமாக இருக்க வேண்டும். நோட்டை மடியில் படுக்க வைத்து வரைகிறவர்களுக்குச் சாய்வு இன்னும் அதிகமாக வரும், ஏனென்றால் தாளின் மேல்பாதியைக் கண் குறுக்கிப் பார்க்கிறது. நோட்டைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடியுங்கள்.

மோட்டார் வரைந்தால் சைக்கிளும் இல்லை, மோட்டாரும் இல்லை

விளக்கு, கண்ணாடி, இருக்கை என்று பாகம் பாகமாகச் சேர்த்துக்கொண்டே போனதால் நீளம் கெட்டுவிட்டது. காப்சாய் என்கிற சின்ன மோட்டார் ஒன்றை நேர்ப்பக்கவாட்டில் பாருங்கள்: இரண்டு சக்கரமும் ஒரே அளவு, அவற்றுக்கு நடுவில் இன்னொரு சக்கரம் நிறுத்தினால் கொஞ்சம் இடம் மிஞ்சும். இந்த அளவை முதலில் தரையில் குறித்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாக வந்து உட்காரும். அளப்பதற்குக் கையை முழுசாக நீட்டி, முழங்கையை மடக்காமல், ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியிலிருந்து கட்டைவிரல்வரை சக்கரத்தின் அகலத்தைப் பிடியுங்கள், அதே அளவை நகர்த்தி மற்றவற்றை ஒப்பிடுங்கள். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும். கைப்பிடிக்கும் இருக்கைக்கும் நடுவில் தெரியும் வெற்றிடத்தின் வடிவத்தையும் பாருங்கள், அது சரியாக வந்தால் இரண்டு பக்கப் பாகங்களும் சரியாகத்தான் வந்திருக்கும்.

கட்டடம் சாய்கிறது, தெருவில் இருப்பவர்கள் காற்றில் மிதக்கிறார்கள்

இதற்கு ஒரே காரணம்தான், கண்மட்டக் கோட்டைப் போடாமல் தொடங்கியது. உங்கள் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் தாளின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று போடுங்கள். நீங்கள் நின்றுகொண்டு வரைந்தால், தட்டையான தெருவில் உங்கள் உயரமுள்ள எல்லோருடைய கண்ணும் அந்தக் கோட்டில்தான் வரும், பக்கத்தில் இருப்பவரும் சரி, தூரத்தில் இருப்பவரும் சரி. தூரம் போகப்போக உடல் சிறிதாகும், பாதம் மேலே ஏறும், தலை அதே கோட்டிலேயே நிற்கும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தைச் சமதளத் தெருவில் நின்று பார்த்தால் தலைகள் வரிசையாக ஒரே மட்டத்தில் தெரிவது இதனால்தான், கூட்டத்தை வரையப் பயப்பட வேண்டியதே இல்லை. முக்காலியில் உட்கார்ந்து வரைந்தாலோ அந்தக் கோடு நிற்கிறவர்களின் நெஞ்சிலோ இடுப்புப் பக்கத்திலோ வெட்டும், எல்லோருக்கும் அதே இடத்தில்தான் வெட்ட வேண்டும். ஒருவருக்கு நெஞ்சிலும் இன்னொருவருக்கு முட்டியிலும் வெட்டினால் அவர்தான் மிதக்கிறார்.

கடைவீட்டு வரிசைக்கும் இதே கோடுதான். கண்மட்டத்துக்கு மேலே உள்ள பலகை, சன்னல், கூரை விளிம்பு எல்லாம் தூரம் போகும்போது கீழே இறங்கும், கீழே உள்ள படியும், கடைகளுக்கு முன்னால் கூரைக்கு அடியில் ஓடும் நடைபாதையான அஞ்சடியின் தரையும் மேலே ஏறும். அஞ்சடித் தூண்களை மட்டும் தாளின் ஓரத்துக்கு இணையாக நேராக நிறுத்துங்கள். ஒன்றே ஒன்று விதிவிலக்கு: கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் விக்டோரியா மணிக்கூண்டு, ராணியின் ஆட்சியில் ஆண்டுக்கு ஓரடி என்று 60 அடி உயரத்துக்குக் கட்டியது, இரண்டாம் உலகப்போரில் விழுந்த குண்டுகளால் உண்மையாகவே சற்றுச் சாய்ந்து நிற்கிறது. அதை வரையும்போது சாய்வைத் திருத்திவிடாதீர்கள்.

ஒவ்வொரு பூவாக வரைந்து நேரம் போய்விட்டது, படமும் மாலையாகத் தெரியவில்லை

மல்லிகைச் சரம், கோபுரம், மரத்து இலை, அடுக்கி வைத்த தேங்காய் எல்லாவற்றுக்கும் இந்தக் கோளாறு ஒன்றுதான். குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில் கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிலைகளை எண்ணி வரையத் தொடங்கினால் மதியம்வரை முதல் தளத்திலேயே இருப்பீர்கள். வானத்துக்கு எதிராக அதன் வெளிவடிவம் முதலில், மேலே குறுகும் சரிவு எவ்வளவு என்று பார்த்து. அப்புறம் தளங்களைப் பிரிக்கும் குறுக்குக் கோடுகள். அப்புறம் வெயில் படாத பக்கம் முழுவதையும் ஒரே பூச்சாக. கடைசியாக உங்கள் கண் முதலில் போய் நின்ற ஒரே ஓர் இடத்தில் மட்டும் இரண்டு மூன்று சிலைகளைத் தெளிவாக வரையுங்கள், மற்ற இடங்களில் சின்னச் சின்ன வெட்டுக்கோடுகள் போதும். பார்க்கிறவர் மீதியைத் தாமாக நிரப்பிக்கொள்வார். மாலைக்கும் அப்படித்தான், தொங்கும் வளைவும் தடிமனும், ஓரத்தில் சில இதழ்கள் மட்டும்.

படம் முழுக்க ஒரே சாம்பல்

எல்லா இடத்தையும் ஒரே அழுத்தத்தில் தேய்த்திருக்கிறீர்கள். கண்ணை இடுக்கிப் பாருங்கள், சின்ன விவரங்கள் மறைந்து மூன்றே பிரிவுகள் தெரியும்: வெளிச்சம், நடுத்தரம், இருட்டு. வெளிச்சத்துக்குத் தாளை அப்படியே விடுங்கள். நடுத்தரத்துக்குப் பென்சிலைச் சாய்த்து ஒரே திசையில் ஒரு பூச்சு. இருட்டுக்கு 4பியால் துணிந்து அழுத்துங்கள். நம் ஊர் வெயிலுக்கு இது நன்றாகப் பொருந்தும். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்தரை பாகைக்குள் இருப்பதால் உச்சிவெயில் ஏறக்குறைய தலைக்கு நேராகவே விழுகிறது, நம் கடிகாரம் சூரியனுக்கு முன்னால் ஓடுவதால் அந்த உச்சி ஒன்றேகால் மணி வாக்கில்தான் வரும். அந்த நேரத்தில் நிழலெல்லாம் காலடியில் சுருண்டுவிடும், ஆனால் அஞ்சடிக்குள் நல்ல இருட்டு இருக்கும், அதன் விளிம்பில் வெளிச்சம் வெட்டி நிற்கும். வடிவம் தெரிய வேண்டுமென்றால் காலை ஒன்பதுக்கு முன் அல்லது மாலை ஐந்துக்கு மேல் வாருங்கள், நிழல் நீளமாக விழுந்து பாதி வேலையை அதுவே செய்யும்.

எவ்வளவு அழுத்தினாலும் கறுக்கவில்லை என்றால் பென்சிலைப் பாருங்கள். 1795இல் பிரான்சில் காண்டே என்பவர் காப்புரிமை பெற்ற முறைப்படி கிராஃபைட்டோடு களிமண் கலந்துதான் இன்றும் பென்சில் செய்கிறார்கள், களிமண் கூடினால் முனை கெட்டி, கோடு வெளிர். களிமண் கூடிய எச் பென்சிலால் இருட்டு வராது, தாளில் பள்ளம்தான் விழும். 6பியால் திரும்பத் திரும்பத் தேய்த்தாலோ பளபளப்பு வந்து இருட்டே மின்னத் தொடங்கும், அதனால் ஒரே தடவையில் போட்டு நிறுத்துங்கள்.

வீட்டில் போட்டோ பார்த்து வரைந்தால் வருகிறது, தெருவில் வரவில்லை

போட்டோவில் எல்லாம் ஏற்கெனவே தட்டையாகிவிட்டது, எதைச் சட்டத்துக்குள் வைப்பது என்ற முடிவையும் கேமரா எடுத்துவிட்டது. தெருவில் அந்த இரண்டு வேலையும் உங்களுடையது. வரையும் முன் இரண்டு கைவிரல்களையும் சேர்த்துச் சதுரம் பிடித்து அதற்குள் பாருங்கள், சதுரத்துக்கு வெளியே இருப்பதை மறந்துவிடுங்கள். பயிற்சிக்கு போனில் மணி வைத்து முப்பது வினாடிப் படங்கள் சில, இரண்டு நிமிடப் படங்கள் சில, கடைசியில் ஐந்து நிமிடப் படம் ஒன்று என்று போங்கள். ஃபெரியில் அக்கரைக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் வசதி, எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் கரை வரும்வரை பெரிதாக நகர மாட்டார்கள்.

பக்கத்தில் ஆள் வந்து நின்றாலே கை ஓடவில்லை

முதுகுக்குப் பின்னால் சுவரோ தூணோ இருக்கும்படி உட்காருங்கள், பாதிக் கூச்சம் அதிலேயே போய்விடும். அஞ்சடியில் நடக்கிற வழியை மறிக்காதீர்கள். கடைக்காரரிடம் முதலில் கேட்டுவிடுவது இன்னும் நல்லது: "அண்ணே, ஒரு பத்து நிமிஷம் இங்க ஓரமா உட்கார்ந்து வரைஞ்சுக்கலாமா?" இதற்கு இல்லை என்று சொல்பவர்கள் குறைவு. பூக்கார அக்கா எட்டிப் பார்த்து, "என்னம்மா, என்னையா வரையுற? மூக்கு இவ்வளவு பெரிசா?" என்று கேட்டால் நோட்டை அவரிடமே காட்டுங்கள். காட்டிய பிறகு அவர் உங்களைக் கவனிப்பதை விட்டுவிட்டுத் தம் வேலைக்குத் திரும்பிவிடுவார், உங்களுக்கும் அவர் இயல்பாக உட்கார்ந்திருப்பது கிடைக்கும். யாராவது வேண்டாம் என்று கையைக் காட்டினால் உடனே பென்சிலை வேறு பக்கம் திருப்புங்கள். கோயிலுக்குள் கேட்காமல் தொடங்காதீர்கள், கும்பிடுகிறவர்களுக்கு எதிரே உட்காரவே கூடாது.

கை பட்டுப் படமெல்லாம் கறுப்பாகிவிடுகிறது

வியர்வைதான். நம் ஊர் ஈரக்காற்றில் தாளும் கொஞ்சம் நமுத்துப்போய் மென்மையாகிவிடுகிறது. 80 கிராம் ஜெராக்ஸ் தாள் இதைத் தாங்காது, 120 கிராமுக்கு மேல் உள்ள, தடவினால் லேசாகச் சொரசொரக்கும் தாளாக வாங்குங்கள். கையின் அடியில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொண்டு, வலது கைக்காரர் இடது மேல் மூலையிலிருந்தும், இடது கைக்காரர் வலது மேல் மூலையிலிருந்தும் இருட்டைப் பூசிக்கொண்டு வாருங்கள். வெளிச்சப் பகுதியில் கறை படிந்துவிட்டால், கையில் பிசைந்து உருட்டக்கூடிய மெத்தென்ற ரப்பரைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பக்கங்களுக்கு நடுவில் வெண்ணெய்த்தாள் ஒன்று வைத்து நோட்டை ரப்பர் பேண்டால் இறுக்கிவிடுங்கள், பைக்குள் பக்கங்கள் ஒன்றோடொன்று உரசுவதால்தான் பல படங்கள் மங்குகின்றன. பென்சில் கலையாமல் நிலைநிறுத்தும் ஸ்பிரே அடிப்பதானால் வீட்டுக்கு வெளியே, காற்று ஓடும் இடத்தில், ஓரடிக்குக் குறையாமல் தள்ளிப் பிடித்து மெல்லிய பூச்சாக அடியுங்கள். அடித்த பிறகு ரப்பரால் எடுப்பது கஷ்டம், திருத்த வேண்டியதை முன்பே திருத்திவிடுங்கள்.